போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி

அத்தியாயம் பதினொன்று

“அப்பா, ஆற்றை பேரைக் குடுத்தனீங்கள்?”

கம்சிகா கேட்டது இவ்வளவுதான். கேட்ட விதத்தில், தோசைக்கல்லடியில் நின்ற தாய் வசந்தமலருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மகளுக்கு வயது இருபத்தைந்து. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற உத்தியோகம். ஆட்களைப் பதறவைக்காமல் கதைப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. அந்தப் பிள்ளையின் குரல் ஏறியிருக்கிறது.

தியாகராஜா குனிந்து சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு ஷிப்ட். சூப்பர்மார்க்கெட் வான் வண்டியில் வீடு வீடாகச் சாமான் இறக்குகிற வேலை.

“என்னத்துக்குப் பேர்?”

“மோட்கேஜ் ஃபோர்மிலை. சொலிசிற்றர் எண்ட இடத்திலை.”

“மிஸ்ஸின்ரை பேர்தான். பின்னை ஆற்றை பேரைக் குடுக்கிறது?”

தோசை கருகியது. ஒருவரும் கவனிக்கவில்லை.

இந்த வீட்டாரோடு முதல் வாரத்திலிருந்தே கூட நடந்து வருகிறவர்கள் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்குத்தான் வந்து குந்தியவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். கிங்ஸ்பரியில் ஒரு கடைக்கு மேலே, இரண்டு அறை வாடகை வீட்டில் இந்த மூவரும் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறார்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரனின் சட்டம். அதனால் பிள்ளையாரும் முருகனும் இன்றுவரை ஃபிரிட்ஜுக்கு மேலே சாய்ந்தபடிதான் இருக்கிறார்கள். இப்போது அந்த மனிதன் கட்டடத்தையே விற்கப்போகிறான். ஜூலை முடிவதற்குள் எழும்பச் சொல்லிவிட்டான். தகப்பனும் மகளுமாகச் சேர்ந்து வங்கிக் கடனுக்கு எழுதிப்போட்டு, பதினேழு வீடு பார்த்துக் களைத்து, பதினெட்டாவதாக ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீட்டுக்கு விலை பேசினார்கள். விற்கிறவர் சம்மதித்தது போன வாரம். அன்றைக்கு வசந்தமலர் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுததையும் சொல்லியிருந்தேன்.

சம்மதித்தால் மட்டும் காணுமா? வாங்குகிறவரின் லோயர் யார் என்று தெரிந்தால்தான் மற்ற அலுவல்கள் நகரும். இன்றைக்கு, வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஐந்து மணிக்குள் லோயரின் விபரம் வராவிட்டால் வீட்டைத் திரும்பவும் விளம்பரத்தில் போடுவேன் என்று ஏஜென்ட் கறாராகச் சொல்லிவிட்டான். வேறொரு சோடி அந்த வீட்டை இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

அப்படிப்பட்ட வெள்ளிக்கிழமையில்தான் வங்கி இந்த ஈமெயிலை அனுப்பியிருக்கிறது. நீங்கள் பெயர் குறிப்பிட்ட அலுவலகம் எங்கள் பட்டியலில் இல்லை. வேறொருவரைத் தெரிவு செய்து அறிவிக்கவும்.

“ஒவ்வொரு பாங்குக்கும் ஒரு லிஸ்ட் இருக்கப்பா,” என்றாள் கம்சிகா. “தங்கடை காசைத் தாற அலுவலை ஆர் பாக்கலாம் எண்டு. மிஸ் அதிலை இல்லை. இருக்கவும் மாட்டா. அவ இமிகிரேஷன் லோயர்! என்னட்டை ஆராவது பல்லுப் பிடுங்க வருவினமே?”

“மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியும்.”

“அவவிட்டைக் கேட்டனீங்களோ?” இது வசந்தமலர்.

“கேக்காமலோ? மூண்டு தரம் கேட்டனான். வழமை போலை முதல்லை வேண்டாம் வேண்டாம் எண்டவ. அவவின்ரை குணம் தெரியும்தானே.” தியாகராஜா சிரித்தார். பிறகு நிமிர்ந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. “நான் வாக்குக் குடுத்தனான். இந்த நாட்டிலை எனக்கெண்டு ஒரு வீடு வந்தா, அது மிஸ்ஸின்ரை கையாலைதான் எழுதுப்படும் எண்டு. அதை மாத்தேலாது.”

“அப்ப வீடு போகட்டுமோ?”

“உங்கடை பாங்குக்காரனுக்கு விளங்கப்படுத்து, பிள்ளை. மனிசர் எண்டா நன்றி எண்டு ஒண்டு இருக்கு.”

கதவு சாத்துப்பட்டது. படியில் அவர் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது.

கம்சிகா தலையைப் பிடித்துக்கொண்டாள். ஏஜென்ட் ஒரு கொம்பனியின் பெயரைச் சொல்லியிருக்கிறான், ஒரு பொத்தானை அமத்தினால் வேலை முடிந்தது. ஆனால் கடன் இரண்டு பேரின் பெயரிலும் போகிறது. தகப்பன் ஓம் என்று சொல்லாமல் அவளால் ஒன்றையும் மாற்ற ஏலாது.

“நான் மிஸ்ஸிட்டைப் போட்டு வாறன்,” என்றாள் வசந்தமலர்.

“அப்டன் பார்க்குக்கோ? அந்தத் தொங்கலுக்கோ? அம்மா, சீரியஸ்லி, போன் எண்டு ஒரு சாமான் இருக்கு.”

“இது போனிலை கதைக்கிற கதையில்லை.”

நல்லவேளை, அவளுக்கு வேலையில்லாத கிழமை. பள்ளிக்கூடக் குசினியில் நானூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறவள் அவள். இப்போது அரைத்தவணை விடுமுறை. காலையில் அவித்த இடியப்பத்தை ஒரு பெட்டியிலும் சொதியை இறுக்க மூடுகிற போத்தலிலும் சம்பலை ஒரு சின்னக் கிண்ணத்திலும் எடுத்துக்கொண்டாள். தலை போகிற அவசரம் என்றாலும் வெறுங்கையோடு போக முடியுமா?

ஜூபிலி ரயிலில் இருக்கை கிடைத்தது. மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு, போய் என்ன சொல்வது என்று யோசித்தாள். ஒரு சொல்லும் சரிவரவில்லை. எந்த முகத்தோடு போய், மிஸ், உங்களை வேண்டாமாம் என்று சொல்லுவது?

மிஸ் என்றால் இம்மாகுலேற். ஊரில் பாசையூர்ப் பிள்ளை. வசந்தமலரை விட ஒரு வயது இளையவர், தியாகராஜாவை விட ஆறு வயது. ஆனாலும் இந்த வீட்டில் அவர் மிஸ்தான், வேறு பெயர் கிடையாது.

இவர்களுடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, முதலில் பிடித்த லோயர் காசை வாங்கிக்கொண்டு விசாரணை நாளில் வராமலே விட்ட நேரம் அது. கிரீன் ஸ்ட்ரீட்டில் புடவைக் கடைக்கு மேலே புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். போனார்கள். அந்தப் பிள்ளை பைலை வாங்கி, அவர்கள் முன்னாலேயே முழுவதையும் வாசித்தது. ஒரு பக்கத்தையும் தட்டிவிடவில்லை. வழக்குச் செலவுக்கு அரசாங்கம் தருகிற உதவிக் காசு இடையில் நின்றபோது, “அதை நான் பாக்கிறன், நீங்கள் நித்திரை கொள்ளுங்கோ,” என்றது. ஒரு தடவை தோற்று, அடுத்த வருடம் வென்றது. வென்ற அன்று தியாகராஜா நீதிமன்ற நடையில் நெடுஞ்சாண்கிடையாக விழப்போக, “அண்ணை, எழும்புங்கோ, ஆக்கள் பாக்கினம்!” என்று மிஸ் துள்ளிப் பாய்ந்ததை இவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அன்றிலிருந்து கவுன்சில் கடிதமென்றாலும் மிஸ், கம்சிகாவுக்குப் பாஸ்போட் என்றாலும் மிஸ். இந்த ஊரில் காலூன்றி நிற்கிறோம் என்றால் அது அவவாலைதான் என்று தியாகராஜா சொல்லாத நாளில்லை. வசந்தமலருக்கும் அந்த நன்றி நெஞ்சு முட்ட இருந்தது. அதனால்தான் வெஸ்ட் ஹாமில் ரயில் மாறும்போது, திரும்பிப் போய்விடலாமா என்று எதிர்ப்பக்க மேடையை ஒருதரம் பார்த்தாள்.

புடவைக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கடை. மேலே அதே அலுவலகம், அதே ஒடுக்கமான படி. கதவைத் திறந்த இம்மாகுலேற் வசந்தமலரைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தார்.

“கடவுளே! தியாகு அண்ணைக்கு ஏதும்...?”

“அவருக்கு ஒண்டுமில்லை மிஸ். குண்டுக்கல் மாதிரி இருக்கிறார். நான்தான்... ஒரு விசயம்... வந்து...”

வாயில் வந்தது அழுகைதான். இம்மாகுலேற் பிடித்து இருத்தி, தண்ணீர் கொடுத்தார். வங்கிக் கடிதம், ஐந்து மணி, புருசனின் வாக்கு என்று எல்லாம் தலைகீழாக வந்து விழுந்தன. “எங்களைப் பிழையா நினைக்காதேங்கோ மிஸ். உங்களை விட்டிட்டு வேறை ஆக்களிட்டைப் போறமெண்டு...”

“போங்கோ!” என்றார் இம்மாகுலேற். “தயவு செய்து போங்கோ! நான் ரெண்டு கிழமையா மாதாவிட்டை மண்டாடிக்கொண்டிருக்கிறன்.”

வசந்தமலர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

“அவருக்கு நான் மூண்டு தரம் சொன்னனான், மலரக்கா. முதல் தரம் எனக்கு ஏலாது எண்டன். சிரிச்சார். ரெண்டாந்தரம், எங்கடை ஒபிஸ் வீட்டு அலுவலே எடுக்கிறேல்லை எண்டன். ‘நீங்கள் எப்பவும் இப்பிடித்தான் மிஸ்’ எண்டார். மூண்டாந்தரம் இங்கிலீசிலை, முழு லோயர் மாதிரி, வடிவாச் சொன்னன். ‘தாங் யூ மிஸ்’ எண்டு போனை வைச்சிட்டார்!”

வசந்தமலருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. தெரியாத நேரத்தில் எங்கள் பெண்கள் செய்வதை அவளும் செய்தாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

பைல்களை ஒதுக்கிவிட்டு மேசையிலேயே சாப்பிட்டார்கள். இம்மாகுலேற் மூன்று இடியப்பத்தை முடித்துவிட்டு, “போதும் மலரக்கா,” என்றார். வசந்தமலரின் கை தன்பாட்டில் இன்னும் இரண்டை வைத்தது.

“போதுமெண்டனான்.”

“ஓமோம்.” மேலே ஒரு கரண்டி சொதி.

இம்மாகுலேற் சாப்பாட்டுக் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “இதுதான்! இதேதான் அண்ணையும் செய்யிறார்!”

அப்போதுதான் வசந்தமலருக்கு விளங்கியது. எங்கள் ஆட்களின் மேசையில் முதல் ‘போதும்’ மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு. அதற்குப் பிறகும் கரண்டி நிற்காது. வேண்டாம் என்கிறவருக்கு வைக்காமல் விட்டால் அது விருந்தோம்பலா? அந்தக் கணக்கிலேயே தியாகராஜா ஒரு சட்டத்தரணியின் மறுப்பையும் எடுத்துக்கொண்டார். மிஸ் அடக்கமான மனிசி, எங்களுக்குக் கரைச்சல் தரக் கூடாது என்று சொல்கிறா, நாங்கள்தான் வற்புறுத்த வேண்டும்! மூன்று தரம் மறுத்தது மூன்று மடங்கு நல்ல குணமாகத்தான் அவருக்குப் பட்டிருக்கிறது.

“நான் வீட்டு அலுவல் தொட்டுப் பதினைஞ்சு வருசம், அக்கா,” என்றார் இம்மாகுலேற், கை கழுவிக்கொண்டு. “இப்ப எல்லாம் மாறிப்போச்சு. என்ரை இன்சூரன்ஸ் அதுக்கு இல்லை. ஒரு பேப்பரை நான் பிழையா விட்டா, உங்களுக்கு வீட்டிலை சிக்கல், எனக்குத் தொழிலிலை சிக்கல். உறுதியா இல்லையெண்டு கடிதம் போட்டிருக்கோணும். அண்ணைக்கு அப்பிடி எழுத எனக்குக் கை வரேல்லை. அது என்ரை பிழை.”

சுவர்மணி இரண்டு பத்து காட்டியது.

“சரி, அழுதது காணும். ஆளைத் தேடுவம். கம்சியைக் கூப்பிடுங்கோ.”

கம்சிகா வங்கியின் பட்டியலிலிருந்து மூன்று பெயர்களை அனுப்பினாள். ஒன்று ஏஜென்ட் சொன்ன கொம்பனி. ஒன்று இணையத்தில் ஆகக் குறைந்த விலை காட்டியது. மூன்றாவது ஹரோவில் ஒரு சின்ன அலுவலகம், அவளோடு வேலை செய்கிற ஒருத்தி போன வருடம் வீடு வாங்கியது அங்கேதான்.

“ஏஜென்ட் சொன்ன இடம் கூடாதெண்டு நான் சொல்லேல்லை,” என்றார் இம்மாகுலேற். “ஆனா ஆளனுப்பினா அவனுக்கு ஒரு தொகை வரும், அதைக் கேட்டு வையுங்கோ. அவன் விக்கிறவரின்ரை ஆள். உங்களுக்கு உங்கடை ஆள் வேணும்.” போனை வசந்தமலரின் பக்கம் தள்ளினார். “எடுங்கோ.”

“நானோ? நீங்கள் கதையுங்கோ மிஸ்!”

“நான் கதைச்சா லோயருக்கு லோயர் மரியாதை தருவினம். உங்களுக்கு எப்பிடிப் பதில் சொல்லினம் எண்டதுதான் முக்கியம். நாளைக்குப் பயந்துபோய் எடுக்கப்போறது நீங்கள்தானே.”

வசந்தமலர் தனக்கு ஆங்கிலம் வராது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறவள். அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டுதான் பதினாறு வருடமாக ஆசிரியர்மாரையே வரிசையில் நிற்க வைக்கிறாள். தொண்டையைச் செருமிக்கொண்டு எண்ணை அமத்தினாள்.

ஏஜென்ட் சொன்ன இடத்தில் பதினொரு நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு வந்த இளம் குரல் மிகவும் மரியாதையாகக் கதைத்தது. என்னுடைய அலுவலை யார் பார்ப்பார் என்று கேட்டாள். ஒரு குழு பார்க்கும் என்றது. குழுவில் யார்? அதை இப்போது சொல்ல முடியாது. போன் எடுத்தால் அதே ஆள் கதைப்பாரா? எல்லாம் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம், அம்மணி. வசந்தமலர் நன்றி சொல்லி வைத்தாள்.

இரண்டாவது இடத்தில் விலையைக் கேட்டதும் வயிறு குளிர்ந்தது. இதற்குள் எல்லாம் அடக்கமா என்று அடுத்த கேள்வி கேட்கச் சொல்லி இம்மாகுலேற் சைகை காட்டினார். கேட்டாள். வங்கிக் கடன் உள்ளதென்றால் அதற்குத் தனியாக. ஆளடையாளம் பார்க்கத் தனியாக. காசு அனுப்பத் தனியாக. அவர்கள் சொல்லச் சொல்ல இம்மாகுலேற் கடதாசியில் எழுதினார். கடைசியில் கூட்டிப் பார்த்தால் இணையத்தில் காட்டிய விலையை விட எவ்வளவோ அதிகம்.

“அடி சக்கை!” என்றாள் வசந்தமலர், போனை வைத்துவிட்டு.

மூன்றாவது இடத்தில் இரண்டாவது மணிக்கே எடுத்தார்கள். ஹெலன் என்றொரு பெண். அவரேதான் லோயராம். விலையை ஒரே மூச்சில் சொல்லி, அதில் எது அடங்காது என்பதையும் தானாகவே சொன்னார். யார் என் அலுவலைப் பார்ப்பார் என்ற கேள்விக்கு, நான்தான், ஆனால் ஜூன் இரண்டாவது வாரம் நான் விடுமுறையில் போகிறேன், அந்த வாரம் என் கூட்டாளி எடுப்பார், இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார். பிறகு அவர் கேட்கத் தொடங்கினார். எந்தத் தெரு? நிலமும் சேர்த்தா விற்கிறார்கள்? பின்பக்கம் நீட்டிக் கட்டியிருக்கிறார்களா?

“ஓம், குசினி,” என்று தமிழில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள் வசந்தமலர். அந்தக் குசினியைப் பார்த்துத்தானே அவள் அந்த வீட்டில் மயங்கியதே!

அதைக் கட்டி முடித்தபோது கவுன்சில் பார்த்துச் சரி என்று கொடுத்த சான்றிதழ் இருக்கிறதா என்று ஹெலன் கேட்டார். தெரியாது. நீங்கள் என்னிடம் வந்தாலும் வேறு யாரிடம் போனாலும், வேறு செலவு ஒன்றும் செய்வதற்கு முதல் அதை ஏஜென்டிடம் கேளுங்கள் என்றார்.

வசந்தமலர் போனை வைத்தாள். பதினெட்டு வீடு பார்த்திருக்கிறார்கள். ஒரு பிராணி இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

“மிஸ், எனக்கு இந்த மனிசிதான்.”

இம்மாகுலேற் ஏற்கெனவே கணினியில் தட்டிக்கொண்டிருந்தார். “தொழில் பதிவிலை பேர் இருக்கு. முறைப்பாடு ஒண்டுமில்லை. பாங்க் லிஸ்டிலையும் நிக்கிறா. நல்ல தெரிவு, அக்கா.”

அந்த ‘நல்ல தெரிவு’ வசந்தமலருக்கு எங்கேயோ போய்த் தொட்டது. இத்தனை வருடத்தில் இவ்வளவு பெரிய விசயம் ஒன்றை அவள் தெரிவு செய்ததே இல்லை. சந்தோசத்தில் முகம் சூடாகியது. கம்சிகாவுக்குச் சொல்லி, குசினியைப் பற்றி ஏஜென்டிடம் கேட்கச் செய்தாள்.

இனி ஒரேயொரு மனிதர்தான் பாக்கி. நேரம் நாலு ஐந்து.

தியாகராஜா பின்னர் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தெருவில் வானை ஓரம் கட்டிவிட்டுப் போனை எடுத்தார். இம்மாகுலேற் ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணை, நான் இம்மாகுலேற். மூண்டு தரம் சொன்னதை நாலாந்தரமும் சொல்லுறன். உங்கடை வீட்டு அலுவல் என்னாலை செய்யேலாது.”

மறுபக்கத்தில் சிரிப்பு. “மிஸ், நீங்கள் எப்பவும்...”

“இஞ்சேருங்கோ!” வசந்தமலர் பாய்ந்து போனைப் பறித்தாள். “சிரிக்கிறதை முதல்லை நிப்பாட்டுங்கோ!”

“மலர்? நீர் அங்கை என்ன செய்யிறீர்?”

“நீங்கள் செய்த வேலைக்குத்தான் வந்து நிக்கிறன். இது சாப்பாட்டு மேசையில்லை அப்பா, வேண்டாம் வேண்டாம் எண்டாலும் வைக்கிறதுக்கு. மிஸ் ஏலாதெண்டா ஏலாதுதான். அவவுக்கு இந்த வேலைக்கு இன்சூரன்சும் இல்லை. பிழைச்சா அவவின்ரை தொழில் போம். எங்களை இந்த நாட்டிலை இருக்க வைச்ச மனிசியை, நன்றி எண்டு சொல்லிச் சொல்லி நாங்களே கொண்டுபோய் வம்பிலை மாட்டப் பாக்கிறம். விளங்குதே உங்களுக்கு?”

வானின் சைகை விளக்கு டிக் டிக் என்று அடிப்பது மட்டும் கேட்டது.

“நல்ல ஒரு ஆளை நான் பாத்திட்டன். ஹரோவிலை. நான் கதைச்சனான், எனக்குப் பிடிச்சிருக்கு. மிஸ்ஸும் பாத்துச் சரியெண்டவ. அஞ்சு மணிக்கு வீடு போகப்போகுது. எனக்கு அந்த வீடு வேணுமப்பா. அந்த வாடகை வீட்டிலை இருந்த இருபத்திரண்டு வருசமும் நான் உங்களிட்டை ஒண்டும் கேக்கேல்லை. இதைக் கேக்கிறன்.”

அவள் இப்படிக் கேட்பாள் என்று அவளே நினைத்திருக்கவில்லை. இம்மாகுலேற் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கம்சிக்குச் சொல்லும்,” என்றார் தியாகராஜா கடைசியில். “நான் ஓமெண்டு.” போன் அணைந்தது.

நாலு முப்பத்தெட்டுக்கு ஹெலனின் விபரம் ஏஜென்டுக்குப் போனது. நாலு ஐம்பதுக்குப் பதில் வந்தது. கிடைத்தது, நன்றி, விளம்பரம் போடமாட்டோம், வீடு உங்களுக்கே. கம்சிகா போனில் கத்திய கத்தலில் இம்மாகுலேற்றின் உதவியாளர் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். வசந்தமலர் பிள்ளையாரே, முருகா என்று இரண்டு பேருக்கும் அந்த இடத்திலேயே கும்பிடு போட்டாள். போட்டுவிட்டு, பக்கத்துச் சுவரில் இருந்த மாதாவுக்கும் ஒன்று போட்டாள்.

“அம்மா, இன்னொரு விசயம்,” என்றாள் கம்சிகா. “குசினி சேர்டிபிகேட்டைப் பற்றிக் கேட்டன். வீட்டை விக்கிற மனிசன் ஏஜென்டிட்டை ஒண்டும் சொல்லேல்லையாம். திங்கட்கிழமை உங்களை நேரிலை வரட்டாம். உங்களை மட்டும்.”

“என்னையோ? ஏன்?”

“தெரியேல்லை. வேறை ஆரும் வேண்டாமாம். உங்களிட்டைத்தான் சொல்லுவாராம்.”

வசந்தமலர் இம்மாகுலேற்றைப் பார்த்தாள். “போங்கோ,” என்றார் அவர். “போய்க் கேட்டிட்டு நேரே ஹெலனுக்குச் சொல்லுங்கோ. எனக்கில்லை!”

வெறும் பெட்டிகளைக் கழுவிப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் மறுபடி அடித்தது. தியாகராஜாதான்.

“மிஸ்ஸிட்டைக் குடும்.”

“கேக்குது அண்ணை, சொல்லுங்கோ.”

“மிஸ்... மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு விளங்கேல்லை.” “இருபத்தைஞ்சு வருசமா யோசிக்கிறன், உங்களுக்கு நான் என்ன செய்யலாமெண்டு. காசு தந்தா வாங்கமாட்டியள். பழப்பெட்டி கொண்டுவந்தா அதையும் ஒபிஸிலை எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கிறியள். வாழ்க்கையிலை ஒருக்கா வாங்கிற வீடு, அந்தப் பெரிய அலுவலை உங்கடை கையிலை தந்தாலாவது எண்டு நினைச்சன். என்னட்டை இருந்தது அதொண்டுதான். இப்ப அதுவும் இல்லை. நான் உங்களுக்கு என்னத்தைச் செய்யிறது?”

இம்மாகுலேற் கதிரையை இழுத்துப் போட்டு, போனுக்குக் கிட்டவாக இருந்துகொண்டார்.

“அண்ணை, நாங்கள் முதல் தரம் தோத்த நாள் ஞாபகம் இருக்கோ? நீங்கள் வெளியிலை சிகரெட் பிடிக்கப் போனீங்கள். நான் நீதிமன்றப் படியிலை இருந்து அழுதனான். இந்தத் தொழில் எனக்குச் சரிவராது, நாளைக்கே விடுறன் எண்டு முடிவெடுத்திட்டன். மலரக்கா வயித்திலை கம்சியோடை மெல்ல மெல்ல வந்து பக்கத்திலை இருந்தவ. தான் சாப்பிடக் கொண்டுவந்த பணிஸைப் பிச்சு எனக்குப் பாதி தந்தவ. தந்திட்டு, ‘மிஸ், அடுத்தது எப்ப?’ எண்டு கேட்டவ.”

வசந்தமலர் திகைத்துப்போய் நின்றாள். அவளுக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை. அன்றைக்குக் கடும் பசி என்பது மட்டும்தான் நினைவிருந்தது.

“தோத்தது உங்கடை வழக்கு. ஊருக்கு அனுப்பப் பாத்தது உங்களை. என்னிலை ஒரு கோவமும் இல்லாமல் அடுத்தது எப்ப எண்டு கேட்டியள். அடுத்த நாள் நான் ஒபிஸுக்கு வந்தது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான், அண்ணை. பிறகு எத்தினையோ பேருக்குக் கேஸ் வெண்டு குடுத்திட்டன். அவ்வளவு பேருக்கும் சேர்த்து நீங்கள் ரெண்டு பேரும் எனக்குச் செய்தாச்சு. எனக்கு இனி ஒண்டும் வேண்டாம்.”

‘வேண்டாம்’ என்ற சொல் அந்த அறையில் அப்படியே நின்றது. இனி அந்த மனிதர் ‘நீங்கள் எப்பவும் இப்பிடித்தான்’ என்று தொடங்கப்போகிறார் என்று வசந்தமலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

தியாகராஜா சிரிக்கவில்லை.

“ஓம் மிஸ்,” என்றார். “சரி.”